ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு போதுமா?

தொண்ணூறுகளில் வீட்டுக் கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லுகள் பலவற்றின் மீது பொடி எழுத்தில் ‘மலாய்’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். மலேசியாவில் கட்டமைக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நின்றது பினாங்கு, பாயான் லெப்பாஸ்.

1994ஆம் ஆண்டின் இறுதியில் அதே பென்டியம் சில்லு உலகமெங்கும் செய்தியானது. வகுத்தல் கணக்கில் அது தப்பு செய்கிறது என்றார்கள். கோடிக்கணக்கான ரிங்கிட் மதிப்புள்ள தொழில் அது. அதை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பினாங்கில் ஆயிரமாயிரம். தப்பு எங்கே நடந்தது? யார் கையில் நடந்தது? ஒவ்வொரு சில்லையும் சோதித்துத்தானே அனுப்பினார்கள்? அத்தனை சோதனையையும் ஒரு பிழை எப்படித் தாண்டி வந்தது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய கதைதான் இது. செய்து முடிக்கப்பட்ட ஒரு பொருளைப் பின்னோக்கிப் படித்து, ‘இது ஏன் இப்படி நடந்துகொள்கிறது’ என்று கண்டுபிடிக்கும் கலைக்கு ரிவர்ஸ் என்ஜினியரிங் என்று பெயர். அந்தக் கலையோடு கணித நிரூபணம் கைகோத்த வரலாறும் இதில் அடங்கியிருக்கிறது.

நெல்வயலில் முளைத்த தொழிற்சாலை

1969இல் பினாங்கு தனது சுங்க வரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிபம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அதே ஆண்டு முதலமைச்சர் பொறுப்பேற்ற லிம் சோங் இயூ, இனி தொழிற்சாலைதான் வழி என்று முடிவு செய்தார். ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸில், 1972இல் நாட்டின் முதல் தடையற்ற வர்த்தக மண்டலம் பிறந்தது.

அங்கே முதலில் கால் பதித்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள். அவற்றில் ஒன்று இன்டெல். அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை அதுதான். 1975இல் தீ விபத்தில் ஆலை எரிந்து போனது. ஆனாலும் நிறுவனம் பினாங்கை விட்டுப் போகவில்லை.

அந்த ஆலையின் வேலை என்ன? சிலிக்கான் தட்டில் மின்சுற்றைப் பதிக்கும் வேலை வேறு நாடுகளில் நடந்தது. அந்தத் தட்டைச் சில்லுகளாக நறுக்கி, கம்பி இணைத்து, உறைக்குள் பொதிந்து, ஒவ்வொன்றும் சரியாக இயங்குகிறதா என்று சோதிப்பது பினாங்கின் பங்கு. தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, இரவு பகல் பாராமல் முறை மாறி மாறி வேலைக்கு வந்த பெண்களின் கையும் கண்ணும்தான் அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தின.

பகா எண்ணைத் தேடியவர் கண்ட பிழை

பென்டியம் சில்லு 1993 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு, அமெரிக்காவின் வெர்ஜினியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, தமது ஆய்வில் பென்டியம் கணினி ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அவர் ஆராய்ந்தது இரட்டைப் பகா எண்களை. 11, 13, 17, 19 என்று இரண்டே வித்தியாசத்தில் ஜோடியாக வரும் பகா எண்கள் அவை. ஒவ்வொரு எண்ணாலும் 1ஐ வகுத்து, வரும் விடைகளைக் கூட்டிக்கொண்டே போவது அவர் கணக்கு.

1994 ஜூனில் கூட்டல் ஒத்துவரவில்லை. பேராசிரியர் முதலில் தம்மைத்தான் சந்தேகித்தார். பிறகு தாம் எழுதிய நிரலைச் சந்தேகித்தார். பிறகு கணினியின் மற்ற பாகங்களைச் சந்தேகித்தார். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். நான்கு மாதம் ஆனது. கடைசியில் எஞ்சியது சில்லு மட்டுமே. 824633702441 என்ற எண்ணால் 1ஐ வகுத்தால், பழைய சில்லு சொன்ன விடை வேறு. பென்டியம் சொன்ன விடை வேறு!

அக்டோபர் 24ஆம் தேதி நிறுவனத்துக்குத் தெரிவித்தார். அக்டோபர் 30ஆம் தேதி தமக்குத் தெரிந்த சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அந்தக் கடிதம் சில நாட்களில் உலகைச் சுற்றி வந்துவிட்டது.

நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்தக் கோடையிலேயே பிழையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். வெளியே சொல்லவில்லை. விஷயம் வெடித்த பிறகு, சாதாரணப் பயனீட்டாளருக்கு இந்தப் பிழை 27,000 ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று விளக்கம் வந்தது. டிசம்பர் 12ஆம் தேதி ஐபிஎம் நிறுவனம், 24 நாளுக்கு ஒரு முறை வரலாம் என்று சொல்லி, பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. ஒருவர் 27,000 ஆண்டு என்கிறார். இன்னொருவர் 24 நாள் என்கிறார்! மக்கள் யாரை நம்புவார்கள்?

டிசம்பர் 20ஆம் தேதி, கேள்வி கேட்காமல் யாருக்கும் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதன் கணக்கேட்டில் விழுந்த அடி 47.5 கோடி அமெரிக்க டாலர்.

சோதனை ஏன் பிடிக்கவில்லை?

இங்கேதான் பினாங்கின் கேள்வி வருகிறது. ஒவ்வொரு சில்லும் சோதிக்கப்பட்டது உண்மை. ஆனால் தொழிற்சாலைச் சோதனையின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘இந்தச் சில்லு வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா?’ கம்பி அறுந்திருந்தால், தூசி விழுந்திருந்தால், சுற்று துண்டித்திருந்தால் அது பிடித்துவிடும். பென்டியமில் தப்பு வரைபடத்திலேயே இருந்தது. எனவே எல்லாச் சில்லும் வரைபடத்தோடு அச்சாக ஒத்துப்போயின, எல்லாமே தேறின. பாயான் லெப்பாஸின் கைகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

சரி, வரைபடம் போட்டவர்கள் சோதிக்கவில்லையா? சோதித்தார்கள். ஆனால் எத்தனை கணக்கைச் சோதிக்க முடியும்? ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீட்டுப் பழமொழி. அது சோற்றுக்குப் பொருந்தும். ஏனென்றால் பானையில் உள்ள எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணீர், ஒரே தீ. ஒன்று வெந்தால் மற்றதும் வெந்திருக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. எண்களுக்கு அப்படி இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்தது என்பதற்காக அடுத்த கணக்கும் சரியாக வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். கணினி சாதாரணமாகக் கையாளும் 64 பிட் தசம எண்களில், இலக்க வரிசைகள் மட்டும் 2இன் 52ஆம் அடுக்கு. அப்படி இரண்டு எண்களை ஜோடி சேர்த்தால் 2இன் 104ஆம் அடுக்கு. நொடிக்கு 100 கோடி வகுத்தல் போட்டாலும் முடிக்கச் சுமார் 640 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்! பிழையோ, ஏறத்தாழ 900 கோடி வகுத்தலுக்கு ஒன்று என்ற அளவில் ஒளிந்திருந்தது.

தப்பான விடையே தடயம்

நைஸ்லியின் கடிதம் பரவியதும், வேறு பலரும் தங்கள் கணினியில் தேடித் தப்பான வகுத்தல்களைப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல் கலிபோர்னியாவில் டிம் கோ என்ற பொறியாளரின் கண்ணில் பட்டது. வேறொரு நிறுவனத்தில், இதே போன்ற கணக்குச் சுற்றுகளை வடிவமைப்பவர் அவர். இன்டெலின் வரைபடம் அவரிடம் இல்லை. பென்டியம் கணினியின் உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. கையில் இருந்தது தப்பான விடைகளின் பட்டியல் மட்டுமே.

துப்பறியும் கதை போல அவர் பின்னோக்கி நடந்தார். ‘இந்த விடை தப்பு’ என்பதோடு நிற்காமல், ‘எப்படி வகுத்தால் இப்படித் தப்பு வரும்’ என்று கேட்டார். விடைகள் எல்லாம் சற்றுக் குறைவாகவே இருந்தன. வகுக்கும் எண்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. அதை வைத்து, உள்ளே எந்த வகுத்தல் முறை இருக்கிறது, அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று மாதிரி ஒன்றை உருவாக்கினார். அந்த மாதிரியை ஓட்டி, இதுவரை யாரும் போடாத ஒரு கணக்கில் பெரிய தப்பு வரும் என்று முன்கூட்டியே சொன்னார்.

அந்தக் கணக்கு: 4195835 ÷ 3145727. சரியான விடை 1.33382. பென்டியம் தந்தது 1.33373. நான்காவது தசம இடத்திலேயே தப்பு! விடையை மறுபடி 3145727ஆல் பெருக்கிப் பார்த்தால் 256 குறையும். வீட்டில் உள்ள கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம். வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். 1048576ஐ மூன்றால் பெருக்கி, ஒன்று குறைத்தால் 3145727. ஏன் அந்த மூன்று? விடை அடுத்த பகுதியில் இருக்கிறது.

ஒரு வரியில் ஒரு நிரூபணம்

பள்ளியில் நீள்வகுத்தல் போடும்போது நாம் என்ன செய்கிறோம்? மீதியைப் பார்க்கிறோம்; ‘எத்தனை முறை போகும்’ என்று ஊகிக்கிறோம்; கழிக்கிறோம்; அடுத்த இலக்கத்துக்குப் போகிறோம். ஊகம் தப்பினால் அழித்து எழுதுகிறோம். சில்லுக்கு அழித்து எழுத நேரமில்லை. 1950களின் பிற்பகுதியில் ஸ்வீனி, ராபர்ட்சன், டோக்கர் ஆகிய மூவர் தனித்தனியே ஓர் உபாயம் கண்டார்கள். ஊகம் சற்றுக் கூடிப் போனால், அடுத்த இலக்கத்தைக் கழித்தல் குறியோடு எழுதிச் சரிசெய்துகொள்ளலாம். மூவரின் பெயரின் முதலெழுத்துகளால் அதை எஸ்ஆர்டி வகுத்தல் என்பார்கள்.

பென்டியமில் ஒவ்வொரு படியிலும் மீதி நான்கால் பெருக்கப்படும். பிறகு -2, -1, 0, 1, 2 ஆகிய ஐந்தில் ஓர் இலக்கம் தேர்ந்தெடுக்கப்படும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல ஒரு வாய்பாட்டு அட்டவணை. மொத்தம் 2,048 கட்டங்கள். அவற்றில் 1,066 கட்டங்களில் இலக்கம் இருக்க வேண்டும். அதில் ஐந்து கட்டங்களில் 2 இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தது. அவ்வளவுதான் பிழை.

இந்த முறை ஏன் எப்போதும் சரியாக வரும் என்பதற்கு அழகான காரணம் உண்டு. ஒவ்வொரு படியின் முடிவிலும் மீதி, வகுக்கும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது. அதை நான்கால் பெருக்கினால் மூன்றில் எட்டுப் பங்கு. அதிலிருந்து இரண்டைக் கழித்தால் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. வட்டம் மூடிக்கொள்கிறது! ஒரு படியில் எல்லைக்குள் இருந்தால் அடுத்த படியிலும் இருக்கும்; அதற்கடுத்த படியிலும் இருக்கும். கோடி எண்களைச் சோதிக்கத் தேவையில்லை. இந்த ஒரு வரி எல்லா எண்களுக்கும் பொருந்தும்.

அதே வரிதான் பிழையையும் காட்டிக்கொடுக்கிறது. விடுபட்ட ஐந்து கட்டங்களும் அந்த ‘மூன்றில் எட்டு’ என்ற எல்லைக்கோட்டின் ஓரத்தில் இருந்தன. அங்கே 2ஐக் கழிக்காமல் 0ஐக் கழித்தால், மீதி எல்லையைத் தாண்டிவிடும். பிறகு எந்த இலக்கமும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மூன்றின் மடங்குக்குச் சற்றுக் கீழே உள்ள எண்களில் தப்பு வந்ததற்குக் காரணமும் அதுதான். டிம் கோவும் பீட்டர் டாங்கும் 1995இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வகுக்கும் எண்ணின் ஈரெண் வடிவில் குறிப்பிட்ட இடத்தில் ஆறு 1கள் தொடர்ந்து வந்தால் மட்டுமே பழுதான கட்டத்தை அடைய முடியும் என்று நிறுவினார்கள். எந்த எண்கள் ஆபத்தானவை, எவை பாதுகாப்பானவை என்பது ஊகமாக இல்லாமல் உறுதியாகத் தெரிந்தது அப்போதுதான்.

சோற்றுப் பானைக்கு அடுப்புத் தீ எப்படியோ, இந்தக் கணக்குக்கு அந்த ‘மூன்றில் இரண்டு’ அப்படி. எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைக்கும் காரணம் அது. நிரூபணம் என்பது அந்தத் தீயைக் கண்டுபிடிப்பதுதான்.

நிரூபணத்தை யார் சரிபார்ப்பது?

மனிதன் போட்ட நிரூபணத்திலும் ஓட்டை இருக்கலாம். ஆயிரம் கட்டங்களில் ஐந்து விடுபட்டது யார் கண்ணிலும் படவில்லைதானே? எனவே நிரூபணத்தின் ஒவ்வோர் அடியையும் கணினியே சரிபார்க்கும் முறை தேவைப்பட்டது.

கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் பிவிஎஸ் என்ற நிரூபணக் கருவி உருவாகியிருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் பயின்ற நடராஜன் சங்கர். அவரும் ஹரால்ட் ரூஸ், மண்டயம் ஸ்ரீவாஸ் ஆகியோரும் சேர்ந்து, 1996இல் எஸ்ஆர்டி வகுத்தல் முறையையும் அதன் அட்டவணையையும் கணினியைக் கொண்டே நிறுவிக் காட்டினார்கள். ஸ்ரீவாஸ் பின்னாளில் சென்னை கணிதவியல் கழகத்தில் பேராசிரியரானார். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ராண்டல் பிரையண்ட், எட்மண்ட் கிளார்க் ஆகியோரும் அதே ஆண்டு வேறு வழிகளில் இதைச் செய்தார்கள்.

இன்டெலும் பாடம் கற்றது. கணித நிரூபணத்தில் வல்ல ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டது. கோர் ஐ7 சில்லின் கணக்கிடும் பகுதியில், வழக்கமான சோதனையின் இடத்தை நிரூபணமே எடுத்துக்கொண்டது என்று அதன் பொறியாளர்கள் 2009இல் அறிவித்தார்கள்.

மென்பொருளுக்கும் இதே வைத்தியம்

சில்லில் உள்ள அட்டவணைக்கு மட்டுமல்ல, யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன மென்பொருளுக்கும் இதே கேள்வி எழுகிறது. பென்டியமுக்கு முன்பே கனடாவில் அது எழுந்தது. டார்லிங்டன் அணுமின் நிலையத்தில், ஆபத்து வந்தால் உலையை நிறுத்தும் பொறுப்பு கணினி நிரல்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எண்பதுகளின் இறுதியில், நிரல் தயாராகிவிட்டது. ஆனால் அது சரிதான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அறிஞர் டேவிட் பார்னாஸின் ஆலோசனைப்படி, ஒரு குழு நிரலை மட்டும் படித்து, ‘இது உண்மையில் என்ன செய்கிறது’ என்று அட்டவணை அட்டவணையாக எழுதியது. இன்னொரு குழு, ‘இது என்ன செய்ய வேண்டும்’ என்று எழுதியது. மூன்றாவது குழு இரண்டும் ஒன்றுதானா என்று நிறுவியது. கையால் செய்த வேலை; நிலையத்துக்கு அனுமதி கிடைப்பதே தாமதமானது.

அந்த வேலையின் ஒரு பகுதியைக் கணினியே செய்யக் கற்றுக்கொண்டது பின்னாளில். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜமணியும் தாமஸ் பாலும் மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்லாம் என்ற கருவியை உருவாக்கினார்கள். விண்டோஸ் கணினி திடீரென நீலத்திரை காட்டி நின்றுவிடுவதற்கு, பிற நிறுவனங்கள் எழுதும் டிரைவர் நிரல்கள் ஒரு முக்கியக் காரணமாக இருந்தன. ஸ்லாம் அந்த நிரலை எடுத்து, அதிலிருந்து ‘ஆம், இல்லை’ என்று மட்டும் பேசும் ஒரு சுருக்க மாதிரியைத் தானே வடித்தெடுக்கும். பூட்டைப் போட்டவன் திறக்கிறானா, போட்ட பூட்டை மறுபடி போடுகிறானா என்பது போன்ற விதிகளை எல்லா வழிகளிலும் நடந்து பார்த்துச் சரிபார்க்கும். மாதிரி போதவில்லை என்றால் இன்னும் நுணுக்கமாக வடித்தெடுக்கும். 2011இல் இருவருக்கும் இத்துறையின் முக்கிய விருதான சிஏவி விருது கிடைத்தது.

இதற்கும் எல்லை உண்டு. எல்லா நிரல்களையும் எல்லாக் கேள்விகளுக்கும் தீர்த்துச் சொல்லும் ஒரே முறை இருக்கவே முடியாது என்று 1936இலேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். கேட்ட விதியைத்தான் கருவி சரிபார்க்கும். கேட்க மறந்த விதியைச் சரிபார்க்காது. நிரூபணம் சரியாக இருந்தாலும், தூசி விழுந்த சில்லை அது கண்டுபிடிக்காது. அதற்குப் பாயான் லெப்பாஸின் சோதனைதான் வேண்டும்.

முப்பது ஆண்டு கழித்து

2024 டிசம்பரில் கதைக்குப் புதிய அத்தியாயம் சேர்ந்தது. கென் ஷிரிஃப் என்ற பொறியாளர், பழைய பென்டியம் சில்லைத் திறந்து நுண்ணோக்கியில் வைத்து, அந்த அட்டவணையைச் சிலிக்கானிலேயே படித்தார். விடுபட்டவை ஐந்து அல்ல, பதினாறு கட்டங்கள் என்று கண்டார். மற்ற பதினொன்றும் கணக்கின் போக்கில் எட்ட முடியாத இடத்தில் இருந்ததால் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. திருத்தப்பட்ட சில்லில், தேவையற்ற கட்டங்களையும் சேர்த்து 2 என்று நிரப்பியிருந்தார்கள். அட்டவணை முன்னைவிட எளிமையாகிவிட்டது!

முதல் செய்தி வெளியானபோது உலகம் கேட்டது, ‘எத்தனை நாளுக்கு ஒரு முறை தப்பு வரும்’ என்ற கேள்வியை. அதற்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விடை சொன்னதில் குழப்பம்தான் மிஞ்சியது. ‘ஏன் தப்பு வருகிறது’ என்று கேட்டவர்களிடம்தான் உண்மை அகப்பட்டது. அவர்களில் ஒருவர் கணித ஆசிரியர். ஒருவர் வேறொரு நிறுவனத்தின் பொறியாளர். சிலர் சென்னையோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள்.

இன்று வங்கிக் கணக்கும், மருத்துவமனைக் கருவியும், விமானமும் யாரோ எப்போதோ எழுதிய நிரல்களின் மேல் ஓடுகின்றன. எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நிரல் இருக்கிறது, அதன் காரணம் யாருக்கும் தெரிவதில்லை. ‘இத்தனை நாள் ஓடியதே, இனியும் ஓடும்’ என்பது ஒரு சோற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் பேச்சு. அடுப்பில் தீ எரிகிறதா என்று குனிந்து பார்ப்பவர்தான் பானையைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்.